மூசையில் விழுந்த மூக்குத்தி

உருகிய வெண்கலத்தைக் காக்க வைக்க முடியாது, ஐயா. சோறு குழைந்தால் கஞ்சியாகவாவது குடிக்கலாம். வெண்கலம் மூசைக்குள்ளேயே இறுகிவிட்டால் மூசையும் போச்சு, உலோகமும் போச்சு. அதனால்தான் செல்லக்கிளி என் வீட்டுத் தோட்டத்துக் கதவைத் தட்டியபோது யார் என்றுகூட நான் கேட்கவில்லை. மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த நேரத்தில் மூசை சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. உலோகம் உருக்கும் மண்பாத்திரத்தைத்தான் மூசை என்கிறோம். விளிம்பு வரை தளதளவென்று வெண்கலம். ஒற்றை ஆளாக வார்க்க வேண்டியிருந்ததால் கொட்டகை உத்தரத்தில் கப்பி மாட்டி, கயிற்றை ஒரு முளையில் கட்டியிருந்தேன். கயிறு முளையில் நழுவத் தொடங்கியது. என் இரண்டு கையும் இடுக்கியில். மூசை அரை விரல், அரை விரலாக இறங்குகிறது. கீழே குழிக்குள் புதைத்த அச்சு, வாயைத் திறந்து காத்துக்கொண்டிருக்கிறது.

செல்லக்கிளி தாழிடாத கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அண்ணா, அவரப் பத்தி எதுனா சேதி..."

"கயித்தப் பிடி" என்றேன்.

பிடித்தாள். கேட்க வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, கயிற்றை முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை மண்ணில் ஊன்றிக்கொண்டாள். வயல் வேலை செய்த உடம்பு. மூசை நின்றது.

"எங்கூட்டு அம்மனுக்காண்ணா?"

"உங்க தெரு அம்மனுக்குத்தான். அசையாதே."

சாமி உரு வார்க்கும்போது வேண்டுதல் உள்ளவர்கள் மூசையில் ஒரு பொட்டுத் தங்கம் போடுவது வழக்கம். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மறு கையால் மூக்குத்தியைக் கழற்றினாள். ஒற்றைச் சிவப்புக்கல். வேறு பொன் அவள் உடம்பில் இல்லை. எட்டிக் குனிந்து அவளே போட்டாள்.

"எங்கிருந்தாலும் அவரக் கொண்டாந்து வுட்டுடணும் ஆத்தா. எனக்கு அது போதும்."

ஒரு சின்னப் பொறி பறந்தது. அவ்வளவுதான். நான் மூசையைச் சாய்த்தேன். உலோகம் ஒரே இழையாக இறங்கியது. அன்றைக்கு எல்லாம் சரியாக நடந்தது.

அவள் புருஷன் சாமிக்கண்ணு தையில் காணாமல் போனவன். இது நடந்தது வைகாசியில்.

நீங்கள் என்னை உட்கார வைத்துக் கேட்பது சாமிக்கண்ணுவைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெண்கலப் புஷ்கள், மெஷின் தண்டைச் சுற்றிப் போடும் வளையங்கள், காணாமல் போன கேஸ். அதற்குத்தான் வருகிறேன். ஆனால் நடுவிலிருந்து சொன்னால் உங்களுக்குப் புரியாது. வார்ப்பு வேலையும் அப்படித்தான், அடியிலிருந்து ஏறி வர வேண்டும்.

என் பெயர் தெய்வசிகாமணி. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். சாமி உரு வார்க்கும் குடும்பம். நெய்வேலியில் சுரங்கம் தோண்ட ஆரம்பித்து, ஒர்க்‌ஷாப்பில் வார்ப்படம் தெரிந்த ஆள் வேண்டும் என்றபோது வந்தேன். பர்மனென்ட் ஆனேன். பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். பின்னால் நாலு முழம் தோட்டம் இருந்தது. அதில் கீற்றுக் கொட்டகை போட்டு, ஷிப்ட் முடிந்து வந்து, குலத்தொழிலை விடாமல் செய்துகொண்டிருந்தேன். ஊரே பழுப்பு நிலக்கரி மேல் உட்கார்ந்திருந்தாலும் என் உலைக்கு வேலங்கரிதான். சாமிக்குச் செய்வதில் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

காலையில் கைரேகை எடுத்தபோது ஏட்டு ராஜேந்திரன் சிரித்தார். "என்னா ஆசாரி, ஒரு கட்டைவெரல வெச்சா ரெண்டு ரேகை வுழுது?" என்றார். சின்ன வயதில் சம்மட்டி விழுந்து பிளந்த விரல். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடும். மெழுகில் கை வைத்தால் அந்தப் பள்ளம் பதிந்துவிடும். தடவித் தடவி அழித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. என் உருவங்களில் என் விரல் தெரியக் கூடாது. அதில் நான் கண்டிப்பானவன்.

புகார் கொடுத்தது பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. "இது குவார்ட்டர்ஸா, சுடுகாடாங்க? ஒரு வேட்டி வெள்ளையா காயுதா இந்த வூட்டுல?" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டி மாதம் ஒரு தரமாவது கேட்பார்கள். நான் பதில் சொன்னதில்லை. இந்த ஐப்பசி மழையில் புகை மேலே போகாமல் அவர்கள் வீட்டுக்குள் இறங்கிவிட்டது. செக்யூரிட்டி ஆட்கள் உலையைப் பார்க்க வந்தவர்கள், துருத்திக்கு அடியில் நம்பர் குத்தின புஷ் இரண்டைப் பார்த்துவிட்டார்கள். நான் திருடன் ஆனேன்.

இப்போது அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையை ஒட்டி, சுரங்கத்துக்கு இடம் விட்டு வந்தவர்கள் குடியேறிய தெரு ஒன்று இருக்கிறது. காலம் காலமாக அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பழைய இடத்தில் அவர்களுக்குப் பச்சைவாழியம்மன் இருந்தாள். மண்ணால் பிடித்து வைத்த அம்மன். கிளம்பும்போது தூக்கப் பார்த்தார்கள், இடுப்போடு உதிர்ந்து கையில் வந்துவிட்டாளாம். அவர்களுடைய நாட்டாண்மை நல்லசாமி என் கொட்டகை வாசலில் நின்று அதைச் சொன்னார்.

"மண்ணுல வெச்சோம், மண்ணெடுக்க வந்துட்டாங்க. வெண்கலத்துல வெச்சிக்கினா இனிமே எங்க போவச் சொன்னாலும் தூக்கிக்கினு போயிக்கினே இருக்கலாம் பாருங்க" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வீடு பித்தளையும் வெண்கலமும் கொண்டுவந்து கொட்டினார்கள். செம்பு, விளக்கு, ஓட்டை விழுந்த தாம்பாளம். கலியம்மாள் என்று ஒருத்தி, பெண்ணுக்குச் சீர் கொடுக்க வைத்திருந்த குடத்தையே தூக்கி வந்தாள். "அவ புருசன் வூட்டுல மண்பானையில மொண்டுக்கட்டும். ஆத்தா வந்தா போதும்" என்றாள்.

எங்கள் ஆட்களில் வேறு யாரும் அந்தத் தெருவுக்கு உரு வார்க்கச் சம்மதித்திருக்க மாட்டார்கள். நான் சம்மதித்தேன். ஏட்டு இதையும் எழுதிக்கொள்ளட்டும். அது மட்டுமல்ல, ஒர்க்‌ஷாப்பில் எனக்கு எடுபிடியாக இருந்த சாமிக்கண்ணு அந்தத் தெருக்காரன்தான். அவன்தான் அவர்களை என்னிடம் அழைத்து வந்தவன். துருத்தி ஊத, மண் பிசைய அவனையே கொட்டகைக்குள் விட்டேன். அவனுக்குத் தண்ணீர் குடிக்கத் தனிச் செம்பு வைத்தேன். மெழுகைத் தொடாதே, என் மேல் படாதே என்று முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவிட்டேன். அவனும் தலையாட்டினான். எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை.

வேலை நடப்பது இப்படித்தான். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து காய்ச்சி, அதில் அம்மனை முழுசாகச் செய்ய வேண்டும். கண், மூக்கு, நகம் எல்லாம் மெழுகிலேயே வந்துவிட வேண்டும். அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசிப் பூசிக் காய வைத்தால் அது அச்சு. அச்சைச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே அம்மன் இருந்த இடம் காலியாக நிற்கும். அந்தக் காலியில் வெண்கலம் ஊற்ற வேண்டும். உலோகம் காலிலிருந்து ஏறி முகத்துக்கு வரும். அது ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வேண்டும் அல்லவா, அதற்குத் தலைக்கு மேலே ஒரு துளை விட்டிருப்போம். ஆவி வாய் என்று பெயர். அச்சைக் குழியில் இறக்கி மண் நிரப்பும்போது தூசி விழாமல் இருக்க ஆவி வாயைக் களிமண் உருண்டையால் அடைப்போம். ஊற்றும் முன் எடுத்துவிடுவோம். அடைப்பதும் எடுப்பதும் வார்ப்பவன் வேலை. எடுபிடி ஆள் அதில் கை வைக்கக் கூடாது.

மெழுகின் எடைக்கு எட்டுப் பங்கு உலோகம். இது எங்கள் கணக்கு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்னால் இதைப் படித்துவிடும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வார்த்தோம். சாமிக்கண்ணு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து ஊற்றினோம். அச்சு வாய் நிறைந்து நின்றது. மூசையின் அடியில் உலோகம் மிஞ்சியிருந்தது.

மிஞ்சக் கூடாது. கணக்குப் போட்டு உருக்கிய உலோகம் மிஞ்சுகிறது என்றால், உள்ளே போக வேண்டிய இடத்துக்கு அது போகவில்லை என்று அர்த்தம். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் பூசம். வடலூர் ஜோதி பார்க்கப் பிளாக்கே காலி. கம்பெனி பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போனார்கள். கஸ்தூரியம்மாள்கூட வீட்டைப் பூட்டிவிட்டு, "ஆசாரி, எங்கூட்டு மேலயும் ஒரு கண்ணு வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் மனைவி அமிர்தம் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். நானும் சாமிக்கண்ணுவும் அச்சை வெளியே எடுத்து மண்ணை உடைத்தோம்.

பாதம் வந்திருந்தது. கொலுசின் மணிகூடத் தனித்தனியாக வந்திருந்தது. புடவை மடிப்பு, ஒட்டியாணம், அபயம் காட்டும் கை, விரல் நுனி எல்லாம் நான் மெழுகில் வைத்த மாதிரியே இருந்தன. கழுத்தில் தாலிக் கயிற்றின் முறுக்குக்கூடத் தெரிந்தது.

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தாடை ஒரு கோணல் விளிம்பாக நின்றது. முகம் வரவில்லை.

"ஈரம்" என்றேன். அச்சுக்குக் காவல் இருந்தது சாமிக்கண்ணு. பனியில் அது ஈரம் வாங்கியிருக்க வேண்டும். ஈர அச்சில் உலோகம் ஏறாது, ஆவி எதிர்த்துத் தள்ளும். வார்ப்பு தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உடைந்த மண்ணை ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தான். அப்புறம் எழுந்தான்.

"ஊர்ல போயி சொல்லிட்டு வந்துடறேன் ஆசாரியாரே" என்றான்.

நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை ஐயா. அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

இந்த இடத்தில் நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். முகம் இல்லாத அம்மன் பிறந்தாள் என்று அந்தத் தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ஆத்தாளுக்குப் புது இடம் பிடிக்கவில்லை, முகம் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்பார்கள். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் போதும், பாதிப் பேர் மூட்டை கட்டுவார்கள். குடத்தைக் கொடுத்த கலியம்மாள் என்ன ஆவாள்? ஏற்கெனவே ஒரு தரம் வேரோடு பிடுங்கி நட்ட ஜனங்கள். ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு தெருவே நிம்மதியாகத் தூங்கும். அவன் மூட மாட்டேன் என்றால் வேறு யாராவது மூட வேண்டும்.

அவன் திரும்பி, கொடியில் போட்டிருந்த துண்டை எடுக்கக் கை நீட்டினான். இடுக்கி என் கையில் இருந்தது. நல்ல கனமான இரும்பு. ஒரு தரம்தான். தேங்காய் உடைக்கும் சத்தத்தைவிடக் குறைவாகத்தான் கேட்டது. அவன் வேதனைப்பட்டிருக்க மாட்டான். அதை அவன் வீட்டுக்காரிக்கு நீங்கள் சொல்லலாம்.

அச்சை இறக்கும் குழி ஏற்கெனவே வெட்டி இருந்தது. இன்னும் ஆழமாக வெட்டினேன். நெய்வேலி மண் சுலபமாக வெட்டுப்படும். அவனைக் கிடத்தி, அவனுக்கு மேலே அந்த முகம் வராத அம்மனையும் மூசையில் மிஞ்சிய உலோகத்தையும் வைத்தேன். முகம் வராத உருவை மறுபடி உலையில் போடக் கூடாது, மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். வழக்கத்தை நான் மீறியதில்லை. மண் போட்டு மிதித்து, மேலே அடுத்த அச்சுக்கு இடம் விட்டுவிட்டுக் கை கால் கழுவினேன். அதற்குள் வடலூரிலிருந்து முதல் பஸ் வந்துவிட்டது. கஸ்தூரியம்மாள் வேலிக்கு மேலே திருநீறு நீட்டினார்கள். வாங்கிப் பூசிக்கொண்டேன்.

இப்போது உங்கள் கேஸ்.

தெரு கொடுத்த உலோகம் முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது. அம்மனைத் திரும்ப வார்க்க வேண்டும், உலோகத்துக்கு எங்கே போவது? ஒர்க்‌ஷாப் கழிவில் தேய்ந்த புஷ்கள் குவிந்து கிடந்தன. தூக்குச்சட்டியில் போகும்போது சோறு, வரும்போது புஷ். கேட்டில் ஒரு வாட்ச்மேன் தூக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னா ஆசாரி, சாப்புட்டப் பொறவுதான் தூக்கு கனக்குது?" என்றார். "வீட்டுக்காரி ஊர்ல இல்ல. நான் வடிச்ச சோறு, தொண்டையில எப்படி இறங்கும்?" என்றேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

இதில் ஒரு குந்துமணிகூட நான் எனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அத்தனையும் அம்மனாக அந்தத் தெருவில் நிற்கிறது. துருத்திக்கு அடியில் கிடந்த இரண்டும் மிஞ்சிப்போனவை. எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப வைக்கலாம் என்றுதான் இருந்தேன்.

சாமிக்கண்ணுவைத் தேடி நல்லசாமி வந்தார். நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். விருத்தாசலத்தில் மெட்ராஸ் ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தான் என்றேன். மீதியை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். கான்ட்ராக்டில் மண் சுமக்க வந்த பெண் ஒருத்தி அந்த வாரம் ஊரைவிட்டுப் போயிருந்தாளாம். அவளையும் இவனையும் ஒரே ரயிலில் ஏற்றிவிட்டது தெருக்காரர்கள்தான், நான் அல்ல.

செல்லக்கிளி மட்டும் நம்பவில்லை. குழாயடியில் எல்லோரும் கேட்கும்படி சொன்னாளாம். "பொடவ எடுத்தாரச் சொன்னாகூட வடலூரத் தாண்டாத மனுசன். அவரு மெட்ராஸுக்குப் போனாராம், அதுவும் ஒருத்தியக் கூட்டிக்கினு. கேக்கறவ கேனச்சின்னா எதையும் சொல்லுவீங்களாடி?" ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் வீட்டுக்கு வந்து, சேதி உண்டா என்று கேட்டுவிட்டுப் போவாள். நான் ஒரு தரம்கூட அவளிடம் முகம் சுளித்ததில்லை. அப்படி வந்த ஒரு நாளில்தான் கயிற்றைப் பிடித்தாள், மூக்குத்தியைப் போட்டாள். அவள் கால் ஊன்றி நின்றது அந்தக் குழியின் மண்ணில்தான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அங்கேதான் முளை இருந்தது.

ஆடியில் அம்மனைக் கொடுத்தேன். அன்றைக்கு நீங்கள் அந்தத் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். பம்பை உடுக்கையோடு வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். "ஆத்தா சிரிக்கிறாடா" என்று நல்லசாமி விழுந்து கும்பிட்டார். கலியம்மாள் அம்மனின் தோளைத் தட்டிப் பார்த்து, "இதுதான் என் கொடம்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினாள். செல்லக்கிளி அம்மனின் மூக்கைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னிடம் வந்து கை கூப்பினாள்.

"இனிமே வந்துடுவாருண்ணா" என்றாள்.

ஆக, கணக்கைப் பாருங்கள். தெரு கொடுத்தது என் தோட்டத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் எடுத்தது தெருவில் இருக்கிறது. என் வீட்டில் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்டவனைத் திருடன் என்று எழுதினால் அது தர்மம் இல்லை. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் சாமி உலோகத்தில் கை வைத்தவன் என்ற பேரை இதுவரை யாரும் வாங்கியதில்லை.

அச்சு ஈரம்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எப்படியும் நாளைக்கு ஆள் விட்டுத் தோண்டப் போகிறீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தோண்டும்போது அவன் வலது கையைப் பாருங்கள். மூடியிருக்கும். நான் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. உள்ளே ஒரு களிமண் உருண்டை இருக்கிறது. வெண்கலச் சூட்டில் செங்கல் மாதிரி சுட்டுப்போன உருண்டை. ஆவி வாயில் அடைத்தது. உடைந்த மண்ணைக் கிளறி அதைத்தான் அவன் கண்டுபிடித்தான். ஊற்றும் முன் நான் எடுக்க மறந்துவிட்டேன். காற்று வெளியே போக வழி இல்லாமல் தலைக்குள் நின்றுவிட்டது.

அச்சு ஈரம் இல்லை. நன்றாகத்தான் காய்ந்திருந்தது. அவன் கண் கொட்டாமல் காவல் காத்திருக்கிறான்.

உருண்டையின் மேல் ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கும். நடுவில் பள்ளம் ஓடும். காலையில் ஏட்டு எடுத்த ரேகையோடு வைத்துப் பார்க்கலாம்.

அவன் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினான். பார்த்தேன். உடனே கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். ஊரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு முன்னால் அவன் சொன்னது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

"இது யாருக்கும் தெரிய வாணாம் ஆசாரியாரே. நாந்தான் அச்சப் பனியில போட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன். எங்காளுங்க நாலு சாத்து சாத்துவாங்க, அப்பறம் அவங்களே மறந்துடுவாங்க. உங்க பேரு கெட்டுப்போவக் கூடாது பாருங்க. மனச வுட்டுடாதீங்க" என்றான்.

சொல்லிக்கொண்டே, எனக்கு ஆறுதலாக, இடது கையை என் தோளில் வைத்தான்.

ஏட்டு, இதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவன்தான் முதலில் என்னைத் தொட்டான்.